கைப்பேசியின் அமைப்பும் தொழிலாளரின் அமைப்பும்

2021ஆம் ஆண்டு அரியானாவில், அரசு வழங்கிய கைப்பேசிகளில் எம்.டி.எம்.360 ஷீல்டு என்னும் செயலியை ஏற்குமாறு ஆஷா பணியாளர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். இவ்வகைச் செயலிகள் கைப்பேசியை வேறொருவர் தொலைவிலிருந்து கட்டுப்படுத்த வழிசெய்பவை. அது எங்கே இருக்கிறது என்று அவர் அறியலாம். அதில் செயலிகளைச் சேர்க்கலாம், நீக்கலாம். தொழிலாளர் என்ற தகுதிகூட மறுக்கப்பட்டு ஊக்கத்தொகையில் உழலும் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்றறிய அரசுக்கு அவ்வளவு ஆர்வம்! அப்பெண்கள் செயலியை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினர்.

கைப்பேசி உளவு என்றதும் பெகாசஸ்தான் நினைவுக்கு வருகிறது. அது தேர்ந்தெடுத்த சிலரைக் குறிவைக்கும் ஆயுதம். கோடிக்கணக்கானோரிடம் நடப்பதோ, அனுமதி கேட்டுப் பெற்றுக்கொண்டே நடக்கும் திரட்டல். திரை அணைந்து பையில் கிடக்கும்போதும் செயலிகள் பின்னணியில் இயங்கி, இருப்பிடத்தையும் பயன்பாட்டு விவரங்களையும் அனுப்பிக்கொண்டிருக்க முடியும். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றுக்கும் உள்ள விளம்பர அடையாள எண், பல செயலிகள் திரட்டும் துணுக்குகளை ஒரே ஆளின் வரலாறாகத் தைத்துவிடுகிறது. மூலதனத்துக்கு அது விற்பனைச் சரக்கு.

இதைக் குறைக்க எளிய வழிகள் உண்டு. இருப்பிட அனுமதியைச் ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என மாற்றலாம். தேவையற்ற செயலிகளின் பின்னணித் தரவை நிறுத்தலாம். அண்மைக்கால ஆண்ட்ராய்டுகளில் விளம்பர அடையாள எண்ணையே அழித்துவிடலாம். எல்லாவற்றினும் முதன்மையானது தொடர்பு எண்களுக்கான அனுமதி. டார்ச் விளக்குச் செயலிக்கும் நாட்காட்டிச் செயலிக்கும் தொடர்பு எண்கள் எதற்கு? கிளைச் செயலாளர் ஒருவரின் கைப்பேசியில் உறுப்பினர்கள், ஆதரவாளர்கள், ஆலைக்குள் இரகசியமாகச் சங்கம் சேர்ப்பவர்கள் என அனைவரின் எண்களும் இருக்கும். ‘அனுமதி’ என்று தொடுபவர் ஒருவர், காட்டிக்கொடுக்கப்படுபவர்கள் நூற்றுவர். உடனடிக் கடன் செயலிகளை நடத்தியோர் கடனாளியின் உறவினரையும் நண்பரையும் அழைத்து மிரட்டியது இந்தப் பட்டியலைக் கைப்பற்றித்தான். ஆகவே தோழர் ஒருவரின் கவனக்குறைவு அவருடைய சொந்த விவகாரம் அன்று.

ஆயினும் இந்த வழிகளுக்கு எல்லை உண்டு. ஜி.பி.எஸ்.ஸை அணைத்தாலும், கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு இணைந்துள்ளது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என 2021 டிசம்பரில் உரிம விதிகள் திருத்தப்பட்டன. அங்கன்வாடி ஊழியர் போஷன் டிராக்கரையோ, ஊரக வேலைத்திட்டப் பணித்தளப் பொறுப்பாளர் வருகைப்பதிவுச் செயலியையோ வேண்டாமென்று நீக்கிவிட முடியாது. வேலை பறிபோகும் என்ற நிலையில் பெறப்படும் சம்மதம் சம்மதமாகாது.

சட்டம் அந்தச் சம்மதத்தைக்கூடக் கேட்பதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அறிவிக்கும் தன் முகமைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசிடமே தருகிறது. அதன் 7ஆவது பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகத் தொழிலாளரின் தரவை அவர் இசைவின்றிக் கையாள முதலாளியை அனுமதிக்கிறது. பெகாசஸ் அளவுக்கு இப்பிரிவு பேசப்படவில்லை, பேசப்பட்டிருக்க வேண்டும்.

தமிழில் ‘அமைப்பு’ என்ற ஒரே சொல் கைப்பேசியின் செட்டிங்ஸையும் சங்கத்தையும் குறிப்பது தற்செயலே. ஆனால் முதலாவதால் முடியாததை இரண்டாவது செய்தாக வேண்டும். புதிய கைப்பேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலி கட்டாயம் என்று 2025 நவம்பர் 28 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, எதிர்ப்பின் வேகத்தில் டிசம்பர் 3 அன்றே திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஊதியம், பணி நேரம் ஆகியவற்றோடு இவையும் இடம்பெற வேண்டும்: பணிக்குரிய கைப்பேசியையும் இணையக் கட்டணத்தையும் வேலையளிப்பவரே தர வேண்டும், என்னென்ன தரவு திரட்டப்படுகிறது என்பதை எழுத்தில் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பணி நேரம் முடிந்த நொடியில் இருப்பிடக் கண்காணிப்பு நிற்க வேண்டும்.