பெற்றோரை வகுப்பறைக்குள் அழைப்போம்

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததோடு பெற்றோரின் கடமை முடிந்துவிடுகிறதா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் என்கிறது அதன் 21-ஆவது பிரிவு. ஆனால் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவை தேவைதான், அது மட்டும் போதுமா?

குமரி மாவட்டத்தில் பெற்றோரின் தொழிலே ஒரு பாடம். தோவாளையில் பூக்கட்டும் அம்மா முழம் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்கு நீட்டலளவை புரியும். குளச்சல் மீனவர் காற்றையும் அலையையும் பற்றிச் சொன்னால் சூழ்நிலையியல் மனதில் நிற்கும்.

சும்மா "வாருங்கள்" என்றால் போதாது. முதலில் நேரம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்குக் காலையில் ஓய்வில்லை. பிற்பகலில் அழைக்க வேண்டும். அடுத்து, வேலை தெளிவாக இருக்க வேண்டும்: நான்கு பிள்ளைகள், ஒரு கதைப் புத்தகம், அரை மணி நேரம் வாசிக்கக் கேட்பது. எழுத்தறியாதவர் கதை சொல்லலாம். பாடமும் கண்டிப்பும் ஆசிரியரிடமே இருக்கட்டும். ஒரு பிள்ளையின் குறையை வெளியே பேசக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தகுந்த ஆளுக்குத் தகுந்த வேலை என்பது நிர்வாகவியலின் பாலபாடம். கூட்டிப் பெருக்க மட்டும் கூப்பிட்டால் அடுத்த முறை யார் வருவார்கள்?