சிலையாய் நிற்கும் விமானம் போதுமா?

2025-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ஆம் தேதியன்று சண்டிகரில் மிக்-21 ரகப் போர் விமானங்களுக்குப் பிரிவுபசாரம் நடந்தது. 1963-ஆம் வருஷத்தில் நமது ஆகாய விமானப் படையில் சேர்ந்த அந்த ரகம், அறுபத்திரண்டு வருஷ காலம் தேசத்திற்கு ஊழியம் செய்து ஓய்வு பெற்றது. மரியாதைகள் குறைவின்றி நடந்தன. பத்திரிகைகள் புகழுரைகளைப் பிரசுரித்தன. ஆனால் புகழுரை முடிந்த மறுநாள் அந்த விமானங்களின் கதி என்ன என்று கேட்டவர்கள் சிலரே.

அக்கதி நாம் அறியாததன்று. சில, காட்சிசாலைகளில் நிற்கும். சில, படை முகாம் வாயில்களிலும் நாற்சந்திகளிலும் மேடை கட்டி ஏற்றப்படும். முதல் வருஷம் வர்ணம் பளபளக்கும். மூன்றாம் வருஷம் வெளுக்கும். பத்தாம் வருஷம் பறவைகள் கூடு கட்டும். இவ்வாறு நிறுத்தி வைப்பது தவறு என்பது நமது கருத்தன்று. அதுவே போதும் என்று திருப்தியடைவதுதான் தவறு. நிற்கும் விமானம் தகட்டைக் காப்பாற்றுகிறது; பறக்கும் விமானமே வித்தையைக் காப்பாற்றுகிறது.

மங்களூர், விருத்தாசலம் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பீங்கான் வேலை செய்பவரைக் கேளுங்கள். மண்ணின் பக்குவத்தை விரலால் அறிவதும், சூளையின் கனலைக் கண்ணால் மதிப்பதும் புஸ்தகத்தைப் படித்து மாத்திரம் வந்துவிடுமா? ஒரு தலைமுறை காலம் சூளை அணைந்து கிடந்தால், செங்கல் மிஞ்சும், கைப்பழக்கம் மிஞ்சாது. அதே பக்கத்தில் உளுந்தூர்ப்பேட்டையில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷார் அமைத்த விமானத் தளம் ஒன்று நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்தது. ஓடுபாதை இருந்தது, அதன் கதையைச் சொல்வார் இல்லை. பொருள் இருந்தும் நினைவு போய்விடும் என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு?

நமது விமானப் படையில் பழைய விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்துக் காக்கும் பிரிவு ஒன்று உண்டு. 2012-ஆம் வருஷத்து விமானப் படைத் தினத்தன்று, புதுப்பிக்கப்பட்ட டைகர் மாத் விமானம் பறந்தது. 2018-ஆம் வருஷத்தில் டகோட்டா விமானம் ஒன்று பிரிட்டனிலிருந்து பறந்து வந்து சேர்ந்தது. டகோட்டா விமானியாக இருந்த தம் தந்தையாரைக் கௌரவிக்கும் பொருட்டு ஸ்ரீ ராஜீவ் சந்திரசேகர் அதை விலைக்கு வாங்கிப் புதுப்பித்து, படைக்கு நன்கொடையாக அளித்தார். 1947-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகரில் துருப்புக்களை இறக்கிய டகோட்டாவின் எண்ணே அதற்கும் இடப்பட்டது. இவையெல்லாம் பாராட்டத்தக்க காரியங்கள். ஆயினும், இவை யாவும் சுழல்விசிறி விமானங்கள். நமது தேசத்தின் ஜெட் யுகத்தைக் காட்ட அந்த வரிசையில் ஒரு விமானமேனும் வேண்டாமா?

வேண்டும் என்பதே நமது துணிபு. எந்த விமானம் என்று கேட்டால், 'நாட்' என்று தயங்காமல் சொல்வோம். கொசுவைப் போன்ற சிறு பூச்சியின் பெயர் அதற்கு. சிறகு ஏழு மீட்டர் அகலங்கூட இல்லாத இச்சிறு விமானத்தைப் பிரிட்டனில் பெட்டர் என்ற நிபுணர் வகுத்தார். 1955-இல் அது முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டன் தன் போர்ப்படைக்கு அதை ஏற்கவில்லை. பயிற்சி விமானமாக மாற்றியே எடுத்துக்கொண்டது. அதைப் போர் விமானமாக நம்பி, லைசென்ஸ் பெற்று, பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையில் நூற்றுக்கு மேல் கட்டியது நமது தேசம். 1965-ஆம் வருஷத்து யுத்தத்தில் தன்னைவிடப் பெரிய சேபர் விமானங்களை அது எதிர்த்து நின்றது. 1971-ஆம் வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகரில் தாக்க வந்த பல சேபர்களின் மேல் தனியாகப் பாய்ந்து உயிர்த்தியாகம் செய்த நிர்மல் ஜித் சிங் செகோன் ஏறியிருந்ததும் நாட் விமானமே. விமானப் படையில் பரம வீர சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தாம்.

இன்று அந்த ரகம் எங்கே பறக்கிறது? பயிற்சி விமானங்களாக விற்கப்பட்ட நாட்களைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனி மனிதர்களும் சங்கங்களும் வாங்கிப் பறக்கும் நிலையில் காத்து வந்திருக்கின்றனர். புகழ் ஈட்டிய தேசத்திலோ அது மேடைமீது நிற்கிறது. வழி தவறி 1965-இல் பஸ்ரூரில் இறங்கிய நமது நாட் ஒன்றைப் பாகிஸ்தான் கராச்சிக் காட்சிசாலையில் பத்திரமாக வைத்திருக்கிறது. பிடித்தவர் போற்றுகின்றனர், விற்றவர் பறக்க விடுகின்றனர், போரிட்டு வென்ற நாம் தூசி தட்டுகிறோம்!

இதை இப்பொழுதே ஏன் சொல்கிறோம்? நாட் விமானத்தின் உயிர் ஆர்பியஸ் என்னும் ஜெட் யந்திரம். பெங்களூரில் யந்திரப் பிரிவு 1957-இல் தொடங்கப்பட்டதே அந்த யந்திரத்தைக் கட்டுவதற்குத்தான். நாம் சொந்தமாகக் கட்டிய மாருத் போர் விமானமும் அதே குடும்ப யந்திரங்களால் பறந்தது. 1996 முதல் 2011 வரை சூர்யகிரண் குழுவினர் வித்தை காட்டிய கிரண் விமானமும் ஆர்பியஸ் பூண்டதே. ஆகையால் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் இத்தேசத்தில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பல ஓய்வு பெற்றுவிட்டன, எஞ்சியவையும் பெறும். அதன் பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் அவ்வித்தையைக் கடையில் வாங்க முடியாது.

பிரிட்டனின் அனுபவம் இதற்குச் சாட்சி. வல்கன் என்னும் பெரிய குண்டுவீச்சு ஜெட் விமானத்தை ஜனங்களின் நன்கொடையைக் கொண்டு செப்பனிட்டு 2007-இல் மீண்டும் பறக்க விட்டனர். 2015-இல் அது நின்றது. விமானத்தையும் யந்திரத்தையும் அறிந்த கம்பெனிகள், பொறுப்பேற்கத் தக்க அனுபவம் இனி நீடிக்காதென்று தங்கள் தொழில் ஆதரவை விலக்கிக்கொண்டதே காரணம். நமக்கு அந்த நாள் வரும் முன்னே விழிக்க வேண்டும்.

ஆட்சேபணைகளை நாம் மறைக்க விரும்பவில்லை. அபாயம் உண்டு. 2015-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டனிலுள்ள ஷோரம் என்னுமிடத்தில் பழைய ஹண்டர் ஜெட் ஒன்று வித்தை காட்டும்போது சாலையில் விழுந்து பதினொருவர் மாண்டனர். அதே மாதத் தொடக்கத்தில் நாட் விமானம் ஒன்றும் விழுந்து விமானி உயிரிழந்தார். 2024-ஆம் வருஷம் அக்டோபர் 6-ஆம் தேதி சென்னைக் கடற்கரையில் விமானக் காட்சி காணத் திரண்டவர்களில், வெயிலிலும் நெரிசலிலும் ஐவர் மடிந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. ஆகவே குட்டிக்கரணங்கள் வேண்டாம். கூட்டத்தின் தலைக்கு மேல் பறத்தலும் வேண்டாம். விமானத் தளத்தின் எல்லைக்குள் வருஷத்திற்குச் சிலமுறை நேராகப் பறந்து இறங்கினால் போதும். நாட் விமானத்தின் கட்டுப்பாட்டு முறையில் குறைகள் இருந்ததையும் மறைக்கலாகாது. அவற்றைத் திருத்தியே பின்னர் அஜீத் விமானத்தை நமது தொழிற்சாலை வகுத்தது. சோதித்துப் பார்த்து, பறக்கத் தகுந்ததன்று என்று நிபுணர் தீர்ப்பளித்தால், ஓடுபாதையிலாவது யந்திரம் முழங்க ஓடட்டும். பிரிட்டனில் மற்றொரு வல்கன் இவ்வாறு தரையில் ஓடியே தன் தொழிலாளரின் கைப்பழக்கத்தைக் காத்து வந்திருக்கிறது.

ஏழைத் தேசத்திற்கு இது ஆடம்பரம் அல்லவா என்பது மற்றோர் ஆட்சேபம். ஒரு விமானத்தைத்தான் கேட்கிறோம். ஒரு படையைக் கேட்கவில்லை. டகோட்டாவிற்கு ஒரு பிரஜை கொடுத்தார். நாட்டிற்குப் பலர் சேர்ந்து கொடுக்க மாட்டார்களா? கைத்தொழிற் பள்ளிகளில் பயிலும் நமது பிள்ளைகளைக் கிழட்டுத் தொழிலாளியின் பக்கத்தில் நிறுத்திவைத்தால், அது ஆடம்பரமன்று, கல்வி.

செய்ய வேண்டியது எளிது. விமானப் படையும் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையும் கூடி, காட்சிசாலைகளில் உள்ள நாட், அஜீத் விமானங்களுள் திடமானதைத் தேர்ந்தெடுக்கட்டும். ஓய்வு பெற்ற ஆர்பியஸ் தொழிலாளர்களுக்கு ஜாபிதா தயாரிக்கட்டும். அவர்கள் சொல்வதை எழுதி வைப்பதோடு நில்லாமல், இளைஞர் கையில் கருவியைக் கொடுத்து அவர்கள் முன்னிலையிலேயே வேலை வாங்கட்டும். பார்லிமெண்டிலுள்ள நமது பிரதிநிதிகள் இதைப் பற்றிப் பாதுகாப்பு மந்திரியிடம் வினவட்டும்.

மேடைமீது ஏற்றி மாலை சூட்டுவது இறந்தவர்க்குச் செய்யும் மரியாதை. நாட் இன்னும் இறக்கவில்லை. அதை அறிந்தவர் இருக்கும்வரை அது உயிரோடிருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே சூளையை மூட்டுவோமாக.