ஆதரவற்ற ஆர்மேனிய முதியோர்

2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், ஒரே வார காலத்துள், நகோர்னோ-கரபாக் பிரதேசத்தை விட்டு ஒரு இலட்சத்துக்கும் அதிகமான ஆர்மேனியர் வெளியேறினர். லாச்சின் பாதை ஒன்பது மாதங்களாக அடைபட்டு, உணவும் மருந்தும் அருகிப்போயிருந்த வேளையிலேயே அசர்பைஜான் படையினரின் தாக்குதல் அம்மக்களை வேரோடு பெயர்த்தது. சில மணி நேரத்தில் கடக்கக்கூடிய மலைப்பாதையைக் கடப்பதற்கு அன்று ஒரு நாளுக்கும் மேலாயிற்று. முதியவர் சிலர் வழியிலேயே உயிர்நீத்தனர்.

அதனைத் தொடர்ந்த நாட்களில், வெறிச்சோடிய ஸ்டெப்பனகேர்ட் வீதிகளில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவினர் ஒலிபெருக்கியில் அழைத்தவாறு சென்றனர். எவரேனும் எஞ்சியிருக்கின்றனரா என்று தேடுவதே அவர்களது பணி. எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் நடக்கவியலாத முதியோரும் நோயாளருமே. மாடிக் குடியிருப்பொன்றில், படுக்கையில் தனித்துக் கிடந்த புற்றுநோயாளியான மூதாட்டி ஒருவரும் அவர்களுள் அடங்குவார். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட எம்மவருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆர்மேனியாவை வந்தடைந்தோருக்கு அந்நாட்டு அரசு தற்காலிகப் பாதுகாப்பு அளித்தது. ஆளொருவருக்கு ஒரு இலட்சம் திராம் ஒருமுறைக் கொடுப்பனவாகவும், வாடகை, மின்சாரம் முதலிய செலவுகளுக்கென மாதந்தோறும் 50,000 திராமும் வழங்கியது. ஏறக்குறைய முப்பது இலட்சம் மக்களே வாழும் சிறிய நாடொன்று செய்த இவ்வுதவியைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் இளையவருக்கு அது வேலை கிடைக்கும் வரையிலான கைகொடுப்பு. எழுபது வயதைக் கடந்தவருக்கோ இனிமேல் வரக்கூடிய வேலை எதுவுமில்லை.

தற்காலிகம் என்பதன் பொருளைக் கியூம்ரி நகரம் நன்கறியும். 1988 டிசெம்பர் 7 இல் நேர்ந்த பூகம்பத்தில் குறைந்தது 25,000 பேர் மாண்டனர். அப்பொழுது லெனினாகான் என வழங்கிய அந்நகரில், வீடிழந்தோர் "தோமிக்" எனப்படும் தகரக் கூடுகளில் குடியமர்த்தப்பட்டனர். இரண்டே ஆண்டுகளில் புதிய வீடுகள் எழும் என்றது மொஸ்கோ. 1991 இல் சோவியத் ஒன்றியமே இல்லாதொழிந்தது. கட்டுமானப் பணிகள் நின்றன. வாழ்நாட் சேமிப்புகள் பணவீக்கத்திற் கரைந்தன. மெட்சமோர் அணுமின் நிலையம் மூடப்பட்டு, எல்லைகளும் அடைபட்டிருந்த அடுத்த சில குளிர்காலங்களில், நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரமே மின்சாரம் கிடைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் அக்கூடுகளிற் குடும்பங்கள் வாழ்ந்தன. நாற்பது வயதில் உள்ளே புகுந்தவர் எழுபத்தைந்தை எட்டிவிட்டார்.

பிள்ளைகள் எங்கே என்று கேட்கலாம். பலர் ரஷ்யாவில். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. ஆனால் அந்த அடுப்பை மூட்டுவதற்கும், காய்ச்சல் கண்ட இரவில் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்கும் அருகில் ஓர் ஆள் வேண்டும். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் தாயின் இருமலைக் கேட்டுக்கொண்டிருக்கும் எம் வாசகர் பலர் இதனை உணர்வர்.

உணவுப் பொதியைக் கையளித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் உதவியில் எமக்கு நம்பிக்கையில்லை. தனித்திருக்கும் முதியோருக்கு வீட்டிலேயே பராமரிப்பும், சமூக நிலையங்களில் உணவும் வழங்குவதற்கு, 1988 இல் தொடங்கப்பட்ட "மிஷன் ஆர்மேனியா" போன்ற தொண்டு அமைப்புகள் அங்கு உள்ளன. வாரந்தோறும் கதவைத் தட்டும் அப்பணியாளரின் சம்பளத்துக்கே நிதி தேவைப்படுகின்றது. நன்கொடை வழங்கும் நாடுகள் தமது திட்டங்களுக்கு ஓராண்டு, ஈராண்டு எனத் தவணை குறிக்கின்றன. முதியோர் பராமரிப்பை மட்டுமேனும் அத்தவணையினின்று விலக்குமாறும், கரபாக்கிலிருந்து வந்த முதியோரின் பெயர்களை அதில் முதலாவதாகச் சேர்க்குமாறும் அந்நாடுகளை நாம் கேட்டுக்கொள்கிறோம்.