காற்றுக்கும் கணக்குண்டு

"கோடையிலே டயர் வெடிக்கும், கொஞ்சம் காற்றைக் குறைத்து வை" என்பது எங்கள் அச்சன்புதூரில் வண்டி ஓட்டுவோர் பலரின் நம்பிக்கை. சரக்கு வண்டி ஓட்டும் என் தந்தையாரும் அப்படியே நம்பினார். அவர்தம் அனுபவத்தை நான் மதிக்கிறேன். எனினும் நான் பயிலும் இயற்பியல் வேறு சொல்கிறது.

காலையில் 27 பாகை வெப்பத்தில் 30 பவுண்டு காற்றடித்த டயர், ஓடி ஓடி 57 பாகைக்குச் சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 34½ பவுண்டாகும். வாயு விதி தரும் கணக்கு இது. இவ்வேற்றத்தைத் தாங்குமாறே டயரைச் செய்கிறார்கள். காற்றுக் குறைந்தாலோ, ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சுடுமன்றோ? ரப்பரும் அவ்வாறே சூடேறித் தளர்ந்து, இறுதியில் வெடிக்கிறது. எதற்கு அஞ்சிக் காற்றைக் குறைத்தோமோ, அதையே வரவழைக்கிறோம்!

டயரைத் தட்டிப் பார்த்தால் ஐந்து பவுண்டுக் குறைவு தெரியாது, அளவுமானி வேண்டும். வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்க வேண்டும். வண்டிக் கையேட்டில் உள்ள அளவே சரியானது. டயரின் மேல் பொறித்திருப்பது உச்ச வரம்பு மட்டுமே. பாரம் ஏற்றினால் கையேடு அதற்கெனச் சொல்லும் அளவு வேண்டும். குற்றாலச் சாரல் காலத்தில் ஆட்களை நிறைத்துச் செல்லும் வேன்கள் இதை மறக்கலாகாது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிய விதியை வாசலில் நிற்கும் வண்டிக்கும் கொண்டு செல்வோம். தேர்வுக்கு மட்டும் பயன்படும் கல்வி, காற்றிறங்கிய டயரே!