அரை மணி நேரம் போதுமா?

(என் கருத்து)



கோவா டூர் போய் வந்தவங்ககிட்ட "என்ன பார்த்தீங்க?"ன்னு கேட்டுப் பாருங்கள். பீச், போட், முந்திரிப்பருப்பு, மறுபடியும் பீச்! பழைய கோவாவில் இருக்கும் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேட்டால், "ஆமா, அங்க ஏதோ சாமி சிலை எல்லாம் இருந்துச்சு" என்பதோடு சரி. பீச்சுக்கு மூன்று மணி நேரம், இதற்கு அரை மணி நேரம். இது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பொம் ஜேசு பேராலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மேட்டின் மேல், சாந்தா மோனிகா கன்னியர் மடம் இருக்கிறது. 1606-ல் கட்டத் தொடங்கி 1627-ல் முடித்தார்கள். 1636-ல் தீப்பிடித்து, மறுபடியும் கட்டப்பட்டது. உள்ளே போன கன்னியர்கள் வெளியே வராமல் அங்கேயே வாழ்ந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கல் அரசு துறவு மடங்களை மூட ஆணை போட்டது. அதன்பிறகு புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராக முதுமையில் இறந்து, கடைசிக் கன்னியர் 1885-ல் இறந்தார். அவ்வளவு பெரிய மடத்தில் கடைசியாக ஒரே ஒருவர்! இதை நினைத்தாலே மனசு என்னவோ செய்கிறது.

அருங்காட்சியகம் 1994-ல் ராஷோல் குருமடத்தில் தொடங்கி, 2002-ல் இந்த மடத்துக்கு வந்தது. பழுது பார்த்து, புதுப்பித்து, 2022-ல் மறுபடியும் திறந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "எனக்கு அந்த மதம் இல்லையே, நான் எதுக்குப் பார்க்கணும்?" என்று நம் வகுப்பிலேயே சிலர் கேட்கிறார்கள். தப்பான கேள்வி இல்லை. ஆனால் அதற்குப் பதில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

தந்தத்தில் செய்த 'நல்ல ஆயன்' சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கையளவுதான் இருக்கும். குழந்தை இயேசு ஒரு குன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை கன்னத்தைத் தாங்குகிறது. கண்கள் மூடியிருக்கின்றன. தோளில் ஒரு ஆட்டுக்குட்டி, மடியில் ஒன்று. கீழே அடுக்கடுக்காகப் பாறை, நீரூற்று, தண்ணீர் குடிக்கும் ஆடுகள். முகத்தைப் பார்த்தால் ஐரோப்பா ஞாபகம் வராது. தியானத்தில் இருக்கும் புத்தர்தான் ஞாபகம் வருவார்! இப்படி இயேசுவைத் தூங்குகிற மாதிரி, தியானம் செய்கிற மாதிரி செதுக்கும் பழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது அல்ல. கதை அங்கிருந்து வந்தது. உளி பிடித்த கை இந்த மண்ணுடையது. தந்தம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. ஒரு சின்னச் சிலைக்குள் மூன்று கண்டம்!

இன்னொன்று, வெள்ளியில் செய்த கூழைக்கடா. ஆமாம், நம்ம ஊர் ஏரிக்கு வருமே, அதே பறவைதான். தாய்ப்பறவை தன் மார்பைக் கொத்தி, அந்த ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் என்று ஐரோப்பாவில் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. அது உண்மை இல்லை. ஆனாலும் உயிரைக் கொடுத்த இயேசுவுக்கு அதை அடையாளமாக வைத்தார்கள். அந்தப் பறவையின் உருவத்தில், நற்கருணை அப்பத்தை வைக்கும் பாத்திரத்தைச் செய்திருக்கிறார்கள். இந்தக் கதை தெரியாமல் பார்த்தால் "ஏதோ வெள்ளிப் பறவை" என்று தாண்டிப் போய்விடுவோம். தெரிந்து பார்த்தால் கால் நகராது.

இதை எல்லாம் செய்தவர்கள் யார்? இங்கேதான் சரித்திரம் கொஞ்சம் கசக்கிறது. 1540-ல் கோவா தீவில் இருந்த கோயில்களை இடிக்க வைத்தது போர்ச்சுக்கீசிய ஆட்சி. 1560-ல் மத விசாரணை மன்றம் வந்தது. 1567-ல் நடந்த திருச்சபை மாநாடு, கிறிஸ்தவர் அல்லாதவர்களிடம் கிறிஸ்தவப் படங்கள், சிலைகள் செய்யும் வேலையைக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. கொஞ்சம் யோசியுங்கள். ஒரு வேலை நடக்காமலே இருந்தால் அதற்குத் தடை எதுக்கு? கோயில் இழந்த ஊர்க்காரர்களின் கைகளே மாதாவையும் வானதூதரையும் செதுக்கிக்கொண்டு இருந்தன என்பதற்கு அந்தத் தடையே சாட்சி! தடைக்குப் பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. கோவாவின் பழைய தேவாலயங்கள் சிலவற்றில் பிரசங்க மேடையின் அடியைத் தாங்கி நிற்பது நாக உருவங்கள். நாகத்தை அங்கே கொண்டுபோனது வேறு யார்?

பெரும்பாலான பொருள்களைச் செய்தவரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. ஆட்சி செய்தவர்களின் பெயர் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. உளி பிடித்தவரின் பெயர் எங்கேயும் இல்லை. அவருக்கு நாம் செய்யக்கூடிய ஒரே மரியாதை, அவர் செய்ததை நின்று பார்ப்பதுதான். அதற்கு எந்த மதத்தில் பிறந்திருந்தால் என்ன?

சிலர், "கோயிலை இடிச்சவங்க சாமான்தானே, அதைப் போய் ஏன் பார்க்கணும்?" என்றும் சொல்லலாம். என் கருத்து இதற்கு நேர் எதிர். பார்க்காமல் விட்டால் இடித்ததும் மறந்துபோகும், செதுக்கியதும் மறந்துபோகும். கிறிஸ்தவ நண்பர்களுக்கு அது வழிபாட்டுப் பொருள். அந்த மரியாதையோடு, சத்தம் போடாமல், தொடாமல் பார்ப்போம். ஆனால் சரித்திரத்தையும் கலையையும் ஒன்றாகப் பார்ப்போம். ஒன்றை மட்டும் பார்த்தால் அது பாதிப் பாடம்தான்.

எனவே அடுத்த ஆண்டு கோவா செல்லும் வகுப்புக்காக, ஆசிரியர்களிடம் என் பணிவான வேண்டுகோள்கள்:

1. அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பீச்சில் ஒரு மணி நேரம் குறைந்தால் கடல் ஒன்றும் வற்றிவிடாது!

2. போவதற்கு முன் வரலாறு வகுப்பில் ஒரு பீரியட், இந்தக் கதைகளைச் சொல்லி அனுப்புங்கள்.

3. ஆளுக்கு ஒரு பொருள். பத்து நிமிடம் அதன் முன்னால் நின்று, நோட்டில் வரைந்து, நான்கு வரி எழுதட்டும். நன்றாக இருப்பதை இதே சுவரில் ஒட்டலாம்.

நண்பர்களே, எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒன்றை ஒழுங்காகப் பார்த்தால் போதும். மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

பார்ப்போம்! சிந்திப்போம்!

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

★ தெரிந்துகொள்வோம் ★
பழைய கோவாவின் தேவாலயங்களையும் மடங்களையும் யுனெஸ்கோ 1986-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1961-ல் கோவா இந்தியாவோடு இணைந்தது.