வடக்கு ரத வீதியில் மீன்காரி நடக்கலாமா?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து ஊர் வரைந்துகொண்டிருந்தேன் என்று வீட்டில் தெரிந்தால் கதை கந்தல். யாரும் போட்டுக்கொடுக்காதீர்கள் மக்கா.

ஊர் என்றால் இல்லாத ஊர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து கொண்டுவந்த விளையாட்டு. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்த வேண்டும். ஒருவர் மட்டும் கதை நடத்துபவர். மழை, கள்ளன், காவல்காரன், தேநீர்க்கடைக்காரர் எல்லாம் அவர்தான். நினைத்த காரியம் நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எங்கள் கூட்டத்தில் கதை நடத்துபவன் அடியேன். மேசை கிடையாது, எங்கள் வீட்டுத் திண்ணைதான்.

இந்த விளையாட்டுக்கு ஊர் வரைவது தனிக் கலை. 1976-லேயே ஜட்ஜஸ் கில்டு என்ற கம்பெனி ஒரு முழு நகரத்தைத் தெருத்தெருவாக, கடைகடையாக வரைந்து புத்தகமாக விற்றது. இன்று நெட்டில் தேடினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். ஆனால் பாதிக்கு மேல் ஒரே அச்சு. நடுவில் கோட்டை, சுற்றி மதில், மூலையில் சாராய விடுதி, அடியில் சாக்கடை, சாக்கடையில் திருடர் சங்கம். நான் வரைந்த முதல் ஊரும் அப்படித்தான். பனிக்கட்டியை ஐஸ்காரன் பெட்டியில் மட்டுமே பார்த்திருக்கிற நாங்கள், பனி மூடிய கல் தெருவில் கம்பளி போர்த்திக்கொண்டு நடந்தோம். இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் கொட்டாவி வந்துவிட்டது.

அப்புறம்தான் நம்ம ஊரையே பார்த்து வரையலாம் என்று தோன்றியது. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எதுவும் கற்பனை செய்ய வேண்டாம், இருப்பதைச் சொன்னாலே கற்பனை என்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். குளச்சலில் 1741-ல் டச்சுப் படையைத் தோற்கடித்துப் பிடித்த தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் ராஜாவுக்கே படை பழக்கி, உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையாகப் படுத்திருக்கிறார். இதை விளையாட்டில் வைத்தால் "ஓவரா விடாதலே" என்பார்கள்.

இந்த முறை அரண்மனையைத் தொடவில்லை. தண்ணீரில் ஆரம்பித்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வரைய நினைப்பவர்களுக்கு உதவும். கிராஃப் தாளின் மேல் ஓரத்தில் மலை. அங்கிருந்து ஒரு ஆறு, நம்ம பழையாறு மாதிரி. ஆற்றில் இருந்து கால்வாய், கால்வாயில் இருந்து குளம், குளம் நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த குளம். குளத்தங்கரை உயரமாக இருப்பதால் பாதை அதன் மேல் போகும். வயல் பள்ளத்தில், வீடு மேட்டில். கடைசியில் ஆறு கடலில் சேரும் இடத்தில் மணக்குடி மாதிரி ஒரு காயல், பக்கத்தில் உப்பளம், அப்பால் மீன்பிடிக் குப்பம். இவ்வளவையும் போட்ட பிறகு ஊர் எங்கே உட்காரும் என்று நாம் யோசிக்கவே வேண்டாம். மீனும் உப்பும் மேலே போகும் பாதையும், நெல் கீழே வரும் பாதையும் சந்திக்கிற மேட்டில் சந்தை வரும். கோட்டாறு பழைய வியாபார ஊராக நின்றதை யோசித்துப் பாருங்கள். சந்தை வந்தால் சுங்கம். சுங்கம் வந்தால் ராஜா தன்னால் வருவார். (காமர்ஸ் படிப்பது எதற்காவது உதவ வேண்டாமா?)

கோயிலுக்கு சுசீந்திரத்தை எடுத்துக்கொண்டேன். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். முன்னால் தெப்பக்குளம், ஏழு நிலை கோபுரம், சுற்றித் தேர் ஓடும் வீதிகள். என் ஊருக்குத் தாழம்பட்டினம் என்று பெயர் வைத்தேன். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக வரைந்து, தெருப் பெயர்களை இந்தியன் இங்கில் எழுதி, திண்ணையில் விரித்தேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பெருமையாக இருந்தது.

பெருமை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

கூட்டாளி ஒருத்தன் மீன்காரி பாத்திரம். கடவத்துக்கு அடியில் ஒரு ரகசிய ஓலை. குப்பத்தில் இருந்து சந்தைக்குப் போக வேண்டும், பின்னால் சுங்கக்காரன் துரத்துகிறான். அவன் படத்தில் விரலை வைத்து, "வடக்கு ரத வீதி வழியா ஓடுகேன்" என்று பகடையை எடுத்தான். அதுவரை சும்மா இருந்த இன்னொருத்தன் மெதுவாகக் கேட்டான்.

"லேய், அந்தத் தெருவுல அவளை நடக்க விடுவானுவளா?"

சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. "எங்க பூட்டன் காலத்துல தெருவச் சுத்தி வரப்பு வழியாத்தான் போவாங்களாம். ஊரு பூரா வரைஞ்சிருக்க. அந்த வரப்பு எங்கல?"

என்னிடம் பதில் இல்லை. வரைந்த ஊரில் குளத்தின் மதகு வரைக்கும் இருந்தது. அந்த வரப்பு இல்லை.

அது வெறும் வீட்டுக் கதை இல்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1924-ல் வைக்கத்தில் சத்தியாகிரகம் நடந்தது நமக்குத் தெரியும், பெரியார் சிறை போனது பாடத்திலேயே உண்டு. அதே கோரிக்கைக்காக 1926-ல் சுசீந்திரத்திலும் சத்தியாகிரகம் நடந்தது, டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார், 1930-ல் திரும்பவும் நடந்தது என்பது நம் மாவட்டத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? வைக்கத்தில் எந்த இடத்துக்கு மேல் யார் வரக்கூடாது என்று தீண்டல் பலகை நட்டிருந்தார்கள். 1925-ல் சமரசம் என்று மூன்று பக்கத் தெருக்களைத் திறந்து, கிழக்குப் பக்கத்தை மூடியே வைத்தார்கள். 1936 நவம்பர் 12-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகுதான் அந்தக் கணக்கு தீர்ந்தது. ஒரு சதுரத்தில் மூன்று பக்கம் திறப்பு, ஒரு பக்கம் அடைப்பு. எந்த விளையாட்டுக்காரனும் இப்படி ஒரு தெருவை யோசித்திருக்க மாட்டான்.

திண்ணையில் சண்டை வந்தது. மீன்காரி பாத்திரக்காரன், "விளையாட்டுலயாவது நிம்மதியா விடுங்கடே, இதையும் இங்க கொண்டுவரணுமா?" என்றான். இந்தக் கேள்வியை லேசில் தள்ள முடியாது. நாள் பூராவும் ஏதோ ஒரு விதத்தில் இதைச் சுமக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரமாவது யாராகவோ இருக்க வருகிறான். அவனை இங்கேயும் "தள்ளிப் போ" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

இருந்தாலும் என் கட்சி, அந்த வரப்பு படத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். ஏன் என்றால், நான் அதை விட்டது யாருடைய நிம்மதிக்காகவும் இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் சுற்றிப்போன கதை யாரும் சொன்னதில்லை. கோபுரத்தையும் தேரையும் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி நின்ற பலகையை மட்டும் விட்டுவிட்டால் அது கற்பனை ஊர் இல்லை, சுற்றுலாத் துறை விளம்பரம். கோபுரமே இல்லாமல் ஒரு ஊர் வரைந்து, அங்கே இப்படி எதுவும் கிடையாது என்று தெரிந்தே முடிவு செய்தால் அது வேறு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நம் எழுத்தாளர்கள் இதை விடவில்லை. சிலப்பதிகாரம் புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகப் பிரித்து, யார் யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்லி, நடுவில் நாளங்காடியை வைக்கிறது. ஆர்.கே. நாராயணின் மால்குடிக்குக்கூட, கதைகளில் இருந்தே பொறுக்கி ஜேம்ஸ் ஃபென்னெலி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வரைபடம் தயாரித்தார். அந்த மால்குடிக்கு 1955-ல் வந்த நாவலில் காந்தி வருகிறார். சேர்மன் வீட்டு மாளிகையை விட்டுவிட்டுத் துப்புரவுத் தொழிலாளர் குடிசையில் தங்குகிறார். சேர்மனுக்கு ஏற்படும் திண்டாட்டம் முழுக்க இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தால் வருவது.

சரி, எப்படி வைப்பது? கணக்காகத்தான் வைத்தேன். என் படத்தில் குப்பத்தில் இருந்து சந்தைக்கு ரத வீதி வழியாக அரை நாழிகை, வரப்பு வழியாக இரண்டு. மழைக்காலத்தில் மூன்று. அதற்குள் மீன் ஐந்தில் ஒரு பங்கு கெடும். வரப்பு முடிகிற இடத்தில் வாங்கி, சந்தையில் விற்கிற தரகன் ஒருவன் அதனாலேயே பணக்காரன் ஆகிறான். ஒரு தெருவை அடைத்தால் யார் பையில் இருந்து யார் பைக்குக் காசு போகிறது என்று வரைந்து பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இதற்குத் தலைப்பு இல்லை.

கூடவே ஒரு கிணறும் வரைந்தேன். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லோரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்த முத்திரிக் கிணறு இருக்கிறதே, அதைப் பார்த்து. 1851-ல் மறைந்தவர் அவர், அதாவது சுசீந்திரம் சத்தியாகிரகத்துக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால். தாழம்பட்டினத்தில் ஆட்கள் கூடுகிற இடம் இனி சாராய விடுதி இல்லை, அந்தக் கிணற்றடி.

ஆட்டத்துக்கு ஒரே ஒரு விதி வைத்தோம். பலகையைக் காவல்காரன் காட்டலாம், ஆனால் யாருடைய பாத்திரத்தையும் நோக்கி நான் வசைச் சொல் பேச மாட்டேன். யாராவது போதும் என்றால் அந்தக் காட்சி அங்கேயே முடியும். பலகையைப் பிடுங்க முடியாது என்று நான் சொல்லவும் கூடாது.

போன ஞாயிறு மீன்காரி ஓடவில்லை. வடக்கு ரத வீதி முனையில் கடவத்தை இறக்கி வைத்து, பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டாள். கிணற்றடியில் இருந்து இன்னும் ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். நிம்மதியா விடுங்கடே என்று சொன்னவன்தான் உட்கார்ந்தது. பகடை போடச் சொன்னேன். "எதுக்குலே பகடை? நான் சும்மாதானே இருக்கேன்" என்றான்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை பரீட்சை வேறு.