பாதிப் பாதுகாப்புக்கு முழுப் புள்ளியா?

மாணவர்களே, புலனம் என்று நாம் அழைக்கும் வாட்ஸ்அப் செயலியில் ஒரு நண்பரின் பெயரைத் தட்டி, அவருடைய விவரப் பக்கத்தில் மறையாக்கம் பற்றிய வரியைத் திறந்து பாருங்கள். 60 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் தெரியும். நண்பரின் கைத்தொலைபேசியிலும் அதே எண் இருந்தால், உங்கள் இருவருக்கும் இடையே போகும் செய்தியை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது. அந்த நிறுவனமே நினைத்தாலும் முடியாது.

இந்த முனைக்கு முனை மறையாக்கம் 2016 ஏப்ரலில் ஒரு பில்லியனுக்கும் மேற்பட்ட பயனர்களுக்கு வந்து சேர்ந்தது. யாரும் எந்தப் பொத்தானையும் தேடி அழுத்த வேண்டியிருக்கவில்லை. “எல்லா நிறுவனங்களும் ஒன்றுதான்” என்று சொல்லி இதையும் ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. நல்லது செய்தாலும் வசைதான் கிடைக்கும் என்றால், அந்த நிறுவனத்துக்குள்ளே பாதுகாப்புக்காக வாதாடும் பொறியாளர் தம் மேலாளரிடம் எதைக் காட்டுவார்?

ஆனாலும் முழுப் புள்ளி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் யாருடன், எப்போது பேசினீர்கள் என்பதை இந்தப் பூட்டு மறைப்பதில்லை. உறை ஒட்டப்பட்டிருந்தாலும் மேலே எழுதிய முகவரி தபால்காரருக்குத் தெரியுமல்லவா? அதைவிடப் பெரிய ஓட்டை காப்பு நகலில் இருந்தது. உரையாடல்களைக் கூகுள் டிரைவிலோ ஐகிளவுட்டிலோ சேமித்தால், அங்கே இந்த மறையாக்கம் கிடையாது. முன்கதவுக்கு இரும்புப் பூட்டு, பின்கதவுக்கு வெறும் தாழ்ப்பாள்!

2021 அக்டோபரில் அந்தப் பின்கதவுக்கும் பூட்டு வந்தது. ஆனால் இம்முறை அது தானாக இயங்கவில்லை. அமைப்புகளுக்குள் போய் நீங்களே இயக்க வேண்டும். அதற்கு நிறுவனத்திடம் ஒரு காரணமும் இருக்கிறது: கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நகலை அவர்களாலும் மீட்டுத் தர முடியாது. அந்தச் சிக்கலை நான் மறுக்கவில்லை. என்றாலும், அமைப்புகளைத் திறந்தே பார்க்காதவர்கள் நம் வீட்டிலேயே எத்தனை பேர்?

குறையைச் சொல்வதால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். கோவிட் காலத்தில் நீங்கள் வகுப்புக்குப் பயன்படுத்தியிருக்கக்கூடிய ஸூம் செயலியைப் பாருங்கள். முனைக்கு முனை மறையாக்கம் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமே என்று 2020 ஜூன் தொடக்கத்தில் அதன் தலைமை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதம் 17ஆம் தேதி, தொலைபேசி எண்ணை உறுதிப்படுத்தும் இலவசப் பயனர்களுக்கும் தருவோம் என்று மாற்றிச் சொன்னார்கள். அக்டோபரில் அது வரத் தொடங்கியது. முதல் அறிவிப்புக்கே எல்லாரும் கைதட்டிவிட்டுப் போயிருந்தால் இலவசப் பயனர்களின் பேச்சு எழுந்திருக்குமா?

கணிதத்தில் விடை தவறினாலும் சரியான வழிமுறைக்கு ஆசிரியர் சில புள்ளிகள் தருவார். அதற்காக முழுப் புள்ளியும் தந்துவிடமாட்டார். நானும் அப்படித்தான். 2016க்குத் தாராளமாக, 2021க்குப் பாதி. மீதியை ஏன் பிடித்து வைக்கிறேன் தெரியுமா? உங்கள் காப்பு நகலை நீங்கள் பூட்டியிருக்கலாம். உங்கள் வகுப்புப் புலனக் குழுவில் 30 பேர் இருந்து, ஒரே ஒருவர் பூட்டாமல் நகல் எடுத்துவந்தால் போதும், குழுவில் நீங்கள் எழுதியதும் அவருடைய நகலில் பூட்டின்றிக் கிடக்கும்.